சத்தம் போடாத பெட்டி

வலது முழங்காலுக்குக் கீழே சதை கல்லாக இறுகிக் கிடந்தது. மகேந்திரன் லோரியிலிருந்து இறங்கும்போது இடது காலை முதலில் ஊன்றி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஒரு சாமானைப் போலத் தூக்கிக் கீழே வைத்தான். இரவு முழுக்க பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மிதித்த கால். கண்ணுக்குள் மிளகாய்த்தூள் விழுந்தது போல எரிச்சல். முதுகைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சிம்பாங் பூலாயில் காய்கறி ஏற்றி, கோலாலம்பூர் மொத்தச் சந்தையில் இறக்கி, காலையில் ஈப்போவுக்குத் திரும்புவது அவன் வேலை. லோரியைச் சீன முதலாளியான தவுக்கேயின் கொட்டகையில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் குனோங் ராபாட்டுக்கு வந்தான். முனை திரும்பும்போதே வீட்டுச் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கோர்ட்டில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டியா?" என்று உடையப்பன் கேட்டார். படத்துச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கேட்டார்.

"ரொட்டி சாப்புட்டேன்பா. கொஞ்சம் குறைங்களேன்."

அவர் ரிமோட்டை எடுத்துக் குறைத்தார். மகேந்திரன் குளித்துவிட்டு வந்து படுத்தான். தலையணையில் தலை படுவதற்குள் கோர்ட் மறுபடி கூடிவிட்டது.

அது ஒற்றை மாடித் தொடர் வீடு. ஹாலுக்கும் அவன் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு கல் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி, டிவிக்குக் கீழே ஒரு பழைய கணினி. அவன் மனைவி துளசி வேலை செய்யும் தொழிற்சாலையில் வேண்டாமென்று ஒதுக்கியது. துளசியின் தம்பி கோகிலன் அதைச் சரி செய்து, ஆயிரக்கணக்கில் பழைய படங்களைப் போட்டு, டிவியோடு இணைத்துக் கொடுத்திருந்தான். அந்தக் கணினிக்குள் ஒரு காற்றாடி. தலைமுடி உலர்த்தும் மெசின் மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். பகல் முழுக்க அது இரையும், அதற்கு மேலே படம் கத்தும், அதற்கு அப்பால் மகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பான்.

போன மாதம் பீடோர் தாண்டி வரும்போது, வெளிச்சம் வந்த பிறகுதான், சாலை ஓரத்துக் கோட்டின் மேல் டயர் ஏறி உறுமிய சத்தத்தில் அவன் விழித்தான். விழித்தான் என்றால், அதற்கு முன் தூங்கியிருந்தான் என்று அர்த்தம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இரும்புத் தடுப்பு பக்கக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவன் லோரியை நிறுத்தி இறங்கி, புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பிறகு ஏறி ஓட்டினான். துளசியிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. கோகிலனிடம் மட்டும் சொன்னான், அதுவும் கண்ணாடி வாங்க எங்கே மலிவு என்று கேட்கப் போய்ச் சொல்லும்படி ஆனது.

கோகிலனின் கணினிக் கடை மேல் மாடியில். கீழே சைக்கிள் கடை. கோகிலன் பெரிய உடம்புக்காரன், எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பான். அன்று மெல்லுவதை நிறுத்தினான்.

"இடிச்சிட்டியா மச்சான்?"

"கண்ணாடி மட்டும்தான் போச்சு."

"கண்ணாடி மட்டும்தான்னு சொல்றவங்கதான் மறுவாரம் பேப்பர்ல வர்றாங்க. எங்க அக்காவுக்கு நானு என்னா பதில் சொல்றது?"

"தூங்க முடியலடா. அப்பா படம் பாக்குறாரு."

"காதுல பஞ்சு வை."

"வெச்சேன். அலாரம் கேக்கல. தவுக்கே போன் போட்டான், அதுவும் கேக்கல. அன்னிக்கி என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிட்டான்."

"கிழவருக்கு ஹெட்போன் வாங்கிக் குடுலா."

"குடுத்தேன். ஒரு நாளு மாட்டுனாரு. காதை அடைச்சா பெனிங், தலை சுத்துதுன்னு கழட்டிச் சாமி மேடையில வெச்சிட்டாரு. இன்னும் அங்கதான் இருக்கு, விபூதி பூசி."

"டிவியில மாட்டிப் படம் பாக்க நானு குடுத்த சின்னப் பெட்டி என்னா ஆச்சு? போன் மாதிரி ஓடுமே."

"பாதிப் படத்துல நின்னு சுத்துது."

"அது ஓசியில குடுத்தது மச்சான். ஓசி சுத்தத்தான் செய்யும்."

ஞாயிற்றுக்கிழமை கோகிலன் வீட்டுக்கு வந்தான். ஹாலில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டான். டிவியின் சத்தத்தை முழுதாக அடக்கினான். பழைய கணினி மட்டும் இரைந்தது. சுவரில் கையை வைத்துப் பார்த்தான். சுவரே நடுங்கியது.

"பாரு. இந்தச் சனியன் இரையுது. அதுக்கு மேல வசனம் கேக்கணும்னா மாமா சத்தத்தைத் தூக்கித்தான் ஆகணும். மாமா காது மேல தப்பில்ல. மெசின் மேலதான் தப்பு. சத்தமில்லாத மெசின் வெச்சா சத்தம் தன்னால இறங்கும்."

"எனக்கு இதே போதும் தம்பி," என்றார் உடையப்பன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு, கையில் எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர். "பழசு நல்லாத்தான் ஓடுது. எதுக்குச் செலவு?"

"செலவெல்லாம் இல்ல மாமா. கடையில கிடக்குற சாமான்தான்."

"சத்தமே வராதா?"

"வரவே வராது."

"கொஞ்சம் கூடவா?"

"பக்கத்துல காதை வெச்சாக்கூட கேக்காது மாமா. கோயிலு கணக்கா இருக்கும்."

உடையப்பன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கோயில்ல சத்தம் வரும்," என்றார். துளசி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இரவு லோரி ஓட்டமில்லை. அதனால் அன்று பகலில் மகேந்திரன் கோகிலனின் கடை மேசைக்கு முன்னால் உட்கார முடிந்தது. மேசையின் மேல் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பெருநாளுக்கு வாங்கும் பிஸ்கட் டின் அளவுதான் இருக்கும்.

"இதுக்குள்ளயா?"

"இதுக்குள்ளதான். நீ அங்க உக்காந்து ஸ்க்ரூ எடுத்துக் குடு. தூங்கிறாத."

கோகிலன் உள்ளங்கை அகலப் பலகையை எடுத்து, அதன் நடுவில் சில்லை வைத்து, சின்னக் கம்பியை மடக்கிப் பூட்டினான். மகேந்திரன் விலையட்டையைப் பார்த்தான்.

"இது கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுறவங்க வாங்குற சாமான் மாதிரி இருக்கே. படம் பாக்க எதுக்குடா இவ்வளவு பெருசு?"

"நீ லோரி ஓட்டுறவன்தானே? சின்ன லோரியில அஞ்சு டன் ஏத்தி தாப்பா மேட்டுல ஏறினா என்னாவாகும்?"

"கத்தும்."

"பெரிய லோரியில அதே அஞ்சு டன்ன ஏத்தினா?"

"தெரியாமப் போயிரும்."

"அவ்வளவுதான். சக்தி கம்மியா இருக்குறதுதான் இரையும், மூச்சு வாங்கும், சூடாகும். சக்தி இருக்குறது வேலை செய்யிறதே தெரியாது. பழைய மெசினு உங்க அப்பாரு படத்தைத் தூக்க முடியாமத்தான் செத்துக்கிட்டு இருக்கு."

சில்லின் மேல் வெள்ளைப் பசையை ஒரு பட்டாணி அளவு வைத்தான். அதன் மேல் அலுமினியத் தகடுகள் அடுக்கிய சூடு வாங்கியை இறக்கினான். பெட்டிக்குள் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொண்டது. அதற்கு மேலே அகலமான காற்றாடி ஒன்று.

"காற்றாடி வேண்டாம்னுதானே சொன்ன?"

"ஈப்போ வெயில்ல காற்றாடி இல்லாம வெச்சா மத்தியானம் முட்டை பொரிக்கலாம். சின்னக் காற்றாடி வேகமாச் சுத்தும், கீச்சுன்னு கத்தும். இது பெருசு, மெதுவாச் சுத்தும். கொஞ்சம் சூடு ஏறுனாத்தான் எந்திரிக்கும். சோம்பேறிக் காற்றாடி. என்னைய மாதிரி."

சுழலும் தட்டு எதுவும் உள்ளே கூடாது என்று படங்களை எல்லாம் ஒரு சூயிங் கம் பாக்கெட் அளவுச் சில்லில் ஏற்றினான். வேறு எதையோ திரையில் திறந்து, சில்லுக்குப் போகும் கரண்டைக் கீழே கட்டினான். அறுபத்தைந்து வாட் குடிக்கக்கூடியது, நாற்பத்தைந்தே போதும், படத்துக்கு அதில் பாதி கூட ஆகாது என்றான். மகேந்திரனுக்குப் பாதி புரிந்தது. கண் சொருகியது. கோகிலன் ஸ்க்ரூடிரைவரால் அவன் தொடையில் குத்தினான்.

எல்லாம் முடிந்ததும் அணைத்துவிட்டு மறுபடி மின்சாரம் கொடுத்தார்கள். காற்றாடி அசையவே இல்லை. திரையில் படம் வந்தது.

"பாத்தியா? பிணம் மாதிரி கிடக்குது," என்றான் கோகிலன்.

மகேந்திரன் தலையைக் குனிந்தான். "ஒரு கொசு இருக்கு."

"எங்க?"

"உள்ள. கீய்ய்னு."

கோகிலன் காதை வைத்தான். அவனுக்குக் கேட்கவில்லை. மகேந்திரன் பெட்டியின் ஒவ்வொரு மூலையிலும் காதை வைத்து, மின்சாரம் தரும் சின்னப் பலகையைக் காட்டினான். தூங்க முடியாதவனுக்கு இருக்கும் காது. கோகிலன் முணுமுணுத்துக்கொண்டு அதைக் கழற்றி வேறொன்றை மாட்டினான். "மலிவு சாமான் பாடும்," என்றான். இரண்டாவது பாடவில்லை.

"நல்லாக் கேட்டுச் சொல்லு, இப்ப?"

"ஒன்னும் இல்ல."

பெட்டி மேசையில் அதிர்வதைக்கூட விடக்கூடாது என்று கோகிலன் மோட்டார் சைக்கிள் ட்யூபை வெட்டி நாலு துண்டு அடியில் ஒட்டினான். "காலமெல்லாம் ரப்பர் மரம் சீவுன நம்ம குடும்பத்துக்கு ரப்பர் ஒரு நல்லது பண்ணுதுன்னா இதான் மச்சான்," என்றான். மகேந்திரன் களைத்துப்போய்ச் சிரித்தான். சிரித்ததில் முதுகு வலித்தது.

"காசு எவ்வளவு ஆச்சு?"

"வாயைப் பொத்து. ஒரு நாளு ஒழுங்காத் தூங்கு. அதான் காசு."

ஞாயிற்றுக்கிழமை காலை துளசி புதுப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். கோகிலன் போனில் கத்தினான், மேலே துணி போட்டு மூடாதே, பூ வைக்காதே, சாமிப் படம் வைக்காதே என்று. அவள் சரி சரி என்று பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பழைய கணினி கொல்லைக்குப் போனது. புதியதை ஓட விட்டார்கள். துளசி குனிந்து பார்த்தாள்.

"ஓடுதா இல்லையா? விளக்கு மட்டும் எரியுது."

"ஓடுதுமா," என்றார் உடையப்பன். "படம் வருதே."

சத்தத்தைக் குறைத்துக் குறைத்துக் கொண்டு வந்தார்கள். நாற்பதில் இருந்தது பத்துக்கு வந்தது. பத்திலும் வசனம் தெளிவாகக் கேட்டது. வெளியே எதிர் வீட்டுச் சீனன் நாயைத் திட்டுவது கேட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. இந்த வீட்டில் குழாய் சொட்டுகிறது என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

"மாமா, இப்ப நல்லாக் கேக்குதா?"

"கேக்குது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போனார். வயசானவர் என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மகேந்திரன் வந்தபோது முனையில் சத்தமே இல்லை. வீடு மாறி வந்துவிட்டோமா என்று ஒரு கணம் பயந்தான். துளசி தொழிற்சாலை பஸ்ஸில் போய்விட்டிருந்தாள். அப்பா படம் பார்த்துக்கொண்டிருந்தார், மெல்லிய சத்தத்தில், யாரோ ரகசியம் பேசுவது போல. மகேந்திரன் குளித்துப் படுத்தான். உடம்பு மெத்தைக்குள் இறங்கியது. காலில் இருந்த கல் கரைய ஆரம்பித்தது.

டொக்.

கண் திறந்தது. எவர்சில்வர் டம்ளர், நாற்காலிக் கையில். அவன் மறுபடி மூடினான். தூக்கம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. கையைப் பிடிக்கப் போகும் நேரம்.

டொக் டொக். டொக்.

"அப்பா! அந்த டம்ளரை வெச்சிட்டுப் பாருங்கப்பா!"

நின்றது. பிறகு படத்தின் சத்தம் ஏறியது, பத்தில் இருந்து முப்பதுக்கு.

"அப்பா!"

சத்தம் இறங்கியது. அவன் வாய்க்குள் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். கோகிலன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்த மெசினை இந்த மனிதர் டம்ளரால் தோற்கடிக்கப் போகிறார். இத்தனைக்கும் ராத்திரி மூவாயிரம் கிலோ முட்டைக்கோஸ். அவன் தலையணையைக் காதுக்கு மேல் எடுத்து வைத்தான். சுவர் வழியாகக் கட்டில் கால் வரைக்கும் வந்தது.

டொக் டொக் டொக்.

இந்தத் தடவை அவன் கத்த வாயைத் திறந்து, திறந்தபடியே நிறுத்தினான். டம்ளர் தட்டும் சத்தத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. துணிக்குள் அமுக்கிய சத்தம். ஆழத்திலிருந்து கிழித்துக்கொண்டு வந்து, துணியில் முட்டி நின்றது. தட்டல் அதை மூட முயன்றது. முழுதாக மூடவில்லை. பழைய கணினி இருந்திருந்தால் மூடியிருக்கும்.

பெரட்டுத் தட்டு.

பத்து காஜாவுக்கு அப்பால், அப்பா மரம் சீவிய, அவன் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டில் அதற்கு அந்தப் பெயர். பொழுது விடியும் முன்னே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிடும்போது, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரும் பக்கத்தில் நடப்பான். இருமுகிறவனைக் கண்டால் வரிசையிலிருந்து வெளியே எடுப்பான். அன்றைய சம்பளம் போகும். நெஞ்சில் கோளாறு, காசநோய் என்று எழுதிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், மாதக் கணக்கில் வேலை போகும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள். அதனால் இருமல் வந்தால் பக்கத்தில் நிற்பவன் பால் வாளியின் அடியைக் கத்திப் பிடியால் தட்டுவான். அவனைப் பார்த்து அடுத்தவன் தட்டுவான். வரிசை முழுக்கத் தட்டும். ஆட்கள் பொறுமையில்லாமல் தட்டுகிறார்கள் என்று கிராணி திட்டுவான். அந்தச் சத்தத்துக்குள் இருமிக்கொள்ள வேண்டும். லயத்துப் பிள்ளைகள் அதையே விளையாட்டாக விளையாடுவார்கள். ஒருவன் டிரெஸர், ஒருவன் இருமல்காரன், மற்றவர்கள் டின் தட்டுகிறவர்கள். மகேந்திரன் எப்போதும் டிரெஸர்.

எழுந்து ஹாலுக்குப் போனான்.

உடையப்பனுக்குத் துண்டை வாயிலிருந்து எடுக்க நேரமில்லை. டம்ளர் கையில் இருந்தது. முகம் நெல்லிக்காய் தின்றது போலச் சுருங்கி, கழுத்து நரம்பெல்லாம் வெளியே நின்றது. மகனைப் பார்த்ததும் துண்டை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்தார்.

"எந்திரிச்சிட்டியா? தண்ணி வேணுமா?"

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி? தொண்டை காஞ்சு போச்சு."

"அப்பா. பெரட்டுத் தட்டு எனக்குத் தெரியாதா?"

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். டிவியில் ஒருத்தி மெதுவாக அழுதாள்.

"அதுக்குத்தான் சத்தமா வெச்சீங்களா இத்தனை நாளா?"

"நீ தூங்கணும்ல."

மகேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "நானு தூங்கறதுக்காகவா சத்தமா வெச்சீங்க?"

"படச் சத்தத்துல மனுசன் தூங்கிருவான். பழகிரும். இருமற சத்தம் கேட்டா நீ எந்திரிச்சு வருவ. வந்தா ஆஸ்பத்திரிம்ப. ஆஸ்பத்திரின்னா ஒரு பகல் போயிரும். அப்புறம் ராத்திரி தூக்கமில்லாம லோரியில ஏறுவ." அவர் மூச்சு வாங்கி நிறுத்தினார். "நீ கண்ணாடியை உடைச்சிட்டு வந்தது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறியா? தவுக்கே வீட்டுக்குப் போன் போட்டான். நீ குளிச்சிட்டு இருந்த."

"அந்தத் துண்டைக் காட்டுங்க."

"துண்டுல என்னா இருக்கு?"

"காட்டுங்க."

"எச்சில். அதைப் போயி பாக்குறியா?"

அவர் அசையவில்லை. எலும்பு மட்டுமான உடம்பு. தோளைப் பிடித்துத் தூக்கினால் ஒரு கையில் வந்துவிடுவார். பிடுங்கிப் பார்த்திருக்கலாம். மகேந்திரன் பிடுங்கவில்லை. பார்த்துவிட்டால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். அது அவனுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"எஸ்டேட்டுல இருந்தப்ப நெஞ்சுக்குப் பத்து காஜா ஆஸ்பத்திரியிலதானே வைத்தியம் பாத்தீங்க. கார்டு இருக்கா?"

"இருக்கும். பெட்டியில."

"துளசிகிட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போகச் சொல்லவா? இல்ல கோகிலன்?"

கிழவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாத. அது தம்பிகிட்ட சொல்லவே சொல்லாத. நாளைக்கி அவங்க என் டம்ளரைத் தனியா ஒதுக்கி வைக்கணுமா? போனா உன் கூடப் போறேன். இல்லாட்டி இங்கயே கிடக்குறேன்."

மகேந்திரன் வாசலில் நின்று தவுக்கேக்குப் போன் செய்தான். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் வேறு ஆளை அனுப்ப முடியுமா என்று மலாயில் கேட்டான். தவுக்கே நல்ல மனிதன்தான். கத்தவில்லை. இன்னொரு டிரைவர் சித்தியவானில், பெண்டாட்டிக்குப் பிரசவம், ஆளே இல்லை என்றான். வெள்ளிக்கிழமை பார்க்கலாமே என்றான். காய்கறி அழுகிப்போகும், உனக்குத் தெரியாததா என்றான். தெரிந்ததுதான்.

உள்ளே வந்தான். சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றான். கால் மறுபடி கல்லாகிக்கொண்டிருந்தது. பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாலை வரை ஆகும். நம்பர் எடுக்கணும், உட்காரணும், எக்ஸ்ரே, மறுபடி உட்காரணும். அங்கிருந்து நேராக சிம்பாங் பூலாய். பிறகு பீடோர் வளைவு. இந்தத் தடவை கண்ணாடியோடு நிற்குமா என்று சொல்ல முடியாது.

"வெள்ளிக்கிழமை போலாம்பா."

"போலாம்."

"கண்டிப்பா."

"போயிப் படு. கண்ணு பாரு, மொளகா மாதிரி."

"இருமல் வந்தா இருமுங்க. தட்டாதீங்க."

"சரி."

"சத்தமாவே இருமுங்க. எனக்குக் கேட்டாப் பரவால்ல."

"சரிடா, போ."

அவன் படுத்தான். இருமல் வந்தது. தட்டல் இல்லாமல், துண்டு இல்லாமல், முழுதாக வந்தது. சுவர் அதைக் கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை. புதுப் பெட்டி அதற்கு மேலே ஒரு சத்தமும் போடவில்லை. மகேந்திரன் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். இனித் தூங்க முடியாது என்று நினைத்தான். இதைக் கேட்டுக்கொண்டு எந்த மகன் தூங்குவான் என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான்.

மாலையில் துளசி வந்து எழுப்பும்வரை அவன் புரளவில்லை. வாயோரம் எச்சில் காய்ந்திருந்தது. பல மாதங்களில் அப்படியொரு தூக்கம் இல்லை.

"என்னாங்க, செத்துட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள் அவள். "மெசினு வேலை செய்யுது பாத்தீங்களா?"

ஹாலில் அப்பா படம் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் பத்தில். துண்டு தோளில் இல்லை. கொல்லைக் கொடியில் ஈரமாகத் தொங்கியது. டம்ளர் கழுவி, தனியாக, ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. யாரும் சொல்லாமலே அவரே வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சித்தியவான்காரன் வரவில்லை. குழந்தைக்கு மஞ்சள் காமாலை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கேமரன் மலையில் மண் சரிந்து, லோடு தாமதமாக இறங்கி, மகேந்திரன் வீட்டுக்கு வரும்போது மத்தியானம். அப்பா சட்டை போட்டு, தலை வாரி, கார்டைப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சட்டையைக் கழற்றினார். "அடுத்த வாரம் போலாம்," என்றார்.

கோகிலன் போன் செய்தான்.

"என்னா மச்சான், நம்ம பெட்டி எப்படி இருக்கு? கத்துதா?"

"கத்தல."

"கொசு?"

"இல்லடா. சத்தமே இல்ல."

"தூங்குறியா?"

"நல்லாத் தூங்குறேன்."

"அப்ப என் காசு வந்துருச்சு. நீ எனக்கு ஒன்னும் பாக்கி இல்ல."

மகேந்திரன் போனை வைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் ஆரம்பித்தது. அவன் புரண்டு படுத்து வலது காலை நீட்டினான்.

கோகிலனுக்கு அவன் ஒன்றும் பாக்கி இல்லை. அப்பாவுக்கு ஒரு பகல் பாக்கி. பத்து காஜா ஆஸ்பத்திரி, நெஞ்சு எக்ஸ்ரே. அதை இன்னும் கொடுக்கவில்லை.